சர்க்கரை நோய்ப் பரிசோதனைப் பட்டியலில் ஈறு எங்கே?

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். ஈறு நோய்களுக்குச் சிகிச்சை தரும் பல் மருத்துவர்கள் சிலர் சேர்ந்து இதை எழுதுகிறோம். சர்க்கரை நோய் பற்றி நாளிதழ்களில் வரும் கட்டுரைகளில் ஒரு பட்டியல் தவறாமல் இருக்கும்: ஆண்டுக்கு ஒருமுறை விழித்திரையைச் சோதியுங்கள், சிறுநீரில் புரதம் கசிகிறதா பாருங்கள், பாதத்தில் உணர்ச்சி குறைந்திருக்கிறதா பாருங்கள். எல்லாமே தேவையானவைதான். ஆனால் ஈறையும் அளந்து பாருங்கள் என்ற வரி பெரும்பாலும் அதில் இருப்பதில்லை. இனி வரும் கட்டுரைகளில் அந்த ஒரு வரியையும் சேர்க்க வேண்டும் என்பது எங்கள் முதல் வேண்டுகோள்.

இந்த இடம் காலியாகக் கிடப்பதால் வேறு சிலர் அதில் புகுந்துகொள்கிறார்கள். 'ஹோலிஸ்டிக் பல் மருத்துவம்', அதாவது உடம்பை முழுதாகப் பார்க்கும் பல் மருத்துவம் என்ற பெயரில், வேர் சிகிச்சை (ரூட் கேனல்) செய்த பல் புற்றுநோயைக் கொண்டுவரும், பழைய வெள்ளி அடைப்பை உடனே எடுக்காவிட்டால் நரம்பு கெடும் என்றெல்லாம் இணையத்தில் பரப்புகிறார்கள். வாய்க்கும் உடம்புக்கும் தொடர்பு உண்டு என்ற உண்மையை முதலாகப் போட்டுத்தான் இந்தப் பயமும் விற்கப்படுகிறது. ஆகவே அந்தத் தொடர்பில் உறுதியானது எது, இன்னும் உறுதியாகாதது எது, கட்டுக்கதை எது என்று பிரித்துச் சொல்ல வேண்டியிருக்கிறது.

ஈறு நோய் எப்படித் தொடங்குகிறது என்பதில் ஒளிவுமறைவு ஏதுமில்லை. டென்மார்க்கின் ஆர்ஹுஸில் ஹரால்ட் லோ என்ற பல் மருத்துவரும் அவருடைய குழுவினரும் 1965-ல் வெளியிட்ட ஆய்வில், ஆரோக்கியமான ஈறு உள்ள 12 பேர் பல் துலக்குவதையே நிறுத்தினார்கள். 10 முதல் 21 நாட்களுக்குள் அத்தனை பேருக்கும் ஈறு வீங்கியது. மறுபடி துலக்கத் தொடங்கியதும் ஏறக்குறைய ஒரு வாரத்தில் ஈறு பழைய நிலைக்குத் திரும்பியது. பல்லின் மேல் வழவழப்பாகப் படியும் கிருமிப் படலம்தான் காரணம் என்பதும், இந்தக் கட்டத்தில் முழுதாகச் சரிசெய்துவிடலாம் என்பதும் அன்றே தெளிவாகிவிட்டது.

அந்தப் படலம் எடுபடாமல் இருந்தால் எச்சிலில் உள்ள கால்சியமும் பாஸ்பேட்டும் அதில் படிந்து, சில நாட்களிலேயே பற்காரையாக இறுகத் தொடங்கும். ஈறுக்கு மேலே தெரியும் காரை மஞ்சளாக இருக்கும். ஈறுக்கு அடியில் வேரின் மேல் ஒட்டிய காரை ரத்தத்தின் நிறமிகள் ஏறிக் கரும்பச்சையாகவோ கறுப்பாகவோ மாறும். கெடுதல் செய்வது பெரும்பாலும் கண்ணுக்குத் தெரியாத இந்த இரண்டாவதுதான். அதன் சொரசொரப்பான பரப்பில் கிருமிகள் தங்குகின்றன. அவற்றை எதிர்க்க உடல் அனுப்பும் செல்களும் ரசாயனங்களும் சேர்ந்து பல்லைத் தாங்கும் எலும்பையே கரைக்கின்றன. பல்லுக்கும் ஈறுக்கும் நடுவே பை போல ஒரு பள்ளம் விழுகிறது. அந்தப் பையின் உட்சுவர் தோல் உரிந்த புண்ணுக்குச் சமம். பல பற்களில் நோய் பரவியவருக்கு இந்தப் புண்ணின் மொத்தப் பரப்பு 8 முதல் 20 சதுர சென்டிமீட்டர் வரை இருக்கலாம் என்று கணக்கிட்டிருக்கிறார்கள். அந்த அளவு புண் முன்கையில் இருந்தால் மறுநாளே மருத்துவரிடம் ஓடுவோம். வாய்க்குள் இருப்பதாலும் வலிக்காததாலும் ஆண்டுக்கணக்கில் விட்டுவிடுகிறோம்.

மெல்லும்போதும் துலக்கும்போதும் அந்தப் புண் வழியாகக் கிருமிகள் ரத்தத்தில் கலக்கின்றன. வீக்கத்தில் சுரக்கும் ரசாயனங்களும் ரத்த ஓட்டத்தில் சேர்கின்றன. உடம்பில் வீக்கம் இருப்பதைக் காட்டும் சி-ரியாக்டிவ் புரதத்தைக் கல்லீரல் கூடுதலாகச் சுரக்கிறது, இன்சுலினுக்குச் செல்கள் ஒழுங்காக இணங்குவதில்லை, ரத்தச் சர்க்கரை ஏறுகிறது. எதிர்த் திசையிலும் இது நடக்கிறது. சர்க்கரை கட்டுக்குள் இல்லாதவருக்குக் கிருமியை விழுங்கும் வெள்ளணுக்கள் மந்தமாகின்றன, புண் ஆறுவது தாமதமாகிறது, எலும்பு கரைவது வேகமெடுக்கிறது. ஈறு சர்க்கரையைக் கெடுக்க, சர்க்கரை ஈறைக் கெடுக்க, இரண்டும் மாறிமாறி நோயாளியைக் கீழே இழுக்கின்றன.

சிகிச்சை தந்தால் பலன் உண்டா? மருத்துவச் சோதனைகளைத் தொகுத்து அலசும் காக்ரேன் அமைப்பு 2022-ல் வெளியிட்ட தொகுப்பாய்வு 35 சோதனைகளை ஒன்றாக வைத்துப் பார்த்தது. ஈறுக்கு அடியில் முறையாகச் சுத்தம் செய்தபின், 3 அல்லது 4 மாதத்தில், மூன்று மாதச் சராசரிச் சர்க்கரையைக் காட்டும் எச்பிஏ1சி அளவு சராசரியாக 0.43 சதவீதப் புள்ளி குறைந்திருந்தது. 8.4 இருந்தவருக்கு 8 ஆகும் என்று வைத்துக்கொள்ளலாம். சிறிய எண்தான். ஆனால் மருந்தைக் கூட்டாமலே கிடைக்கும் குறைவு இது. மாத்திரையையோ ஊசியையோ இது ஈடுசெய்யாது. சர்க்கரை மருத்துவரைக் கேட்காமல் எதையும் குறைத்துக்கொள்ளக் கூடாது.

ஆகவே 'வாயைப் பார்த்துக்கொள்ளுங்கள்' என்ற பொதுப் புத்திமதி போதாது, அளக்க வேண்டும் என்கிறோம். அதற்கான கருவி மிக எளியது. மெல்லிய கம்பி, உலக சுகாதார நிறுவனம் வகுத்த வடிவத்தில் அதன் நுனியில் 0.5 மி.மீ. உருண்டை இருக்கும், 3.5 முதல் 5.5 மி.மீ. வரை கறுப்புப் பட்டை இருக்கும். அதைப் பல்லையொட்டி ஈறுக்குள் மெதுவாக இறக்கி, பல்லைச் சுற்றி நகர்த்திக்கொண்டே போவார்கள். அழுத்தம் 20 முதல் 25 கிராம் மட்டுமே. விரல் நகத்துக்கு அடியில் நுனியை வைத்து அதே அழுத்தம் கொடுத்தால் வலிக்காது, அவ்வளவுதான். கறுப்புப் பட்டை முழுதாக வெளியே தெரிந்தால் அந்த இடத்தில் ஆழமான பை இல்லை. பாதி மறைந்தால் 4, 5 மி.மீ. பை. பட்டையே ஈறுக்குள் மூழ்கிவிட்டால் 6 மி.மீ. அல்லது அதற்கும் ஆழம், எலும்பு கணிசமாகப் போயிருக்கும். முழு வாய்ப் பதிவு என்றால் பல் ஒன்றுக்கு 6 இடம், 28 பல்லுக்கு 168 எண்கள். கம்பியை எடுத்த சில நொடிகளில் ரத்தம் துளிர்க்கிறதா என்பதையும் சேர்த்துக் குறிப்பார்கள்.

பரிசோதனையின்போது நோயாளியே காது கொடுத்துக் கேட்கலாம். மருத்துவர் உதவியாளரிடம் '3, 2, 3' என்று சொல்லிக்கொண்டே போனால் கவலையில்லை. '5, 4, 7' என்று வந்தால் எந்தப் பல் என்று கேளுங்கள். கடைசியில் அந்த அட்டவணையின் நகலையும் வாங்கிக்கொள்ளுங்கள். சர்க்கரை மருத்துவரிடம் ரத்தப் பரிசோதனைத் தாளுடன் சேர்த்துக் காட்ட வேண்டிய ஆவணம் அது. ஒருமுறைகூடக் கம்பியால் அளக்காமல், கண்ணாடியை வைத்து எட்டிப் பார்த்துவிட்டு 'ஈறு நல்லா இருக்கு' என்று சொன்னால் அதை ஏற்க வேண்டியதில்லை. புகை பிடிப்பவர்கள் விஷயத்தில் இது இன்னும் முக்கியம். புகையிலை ஈறின் ரத்தக் கசிவை மட்டுப்படுத்திவிடும். ரத்தம் வராததால் நோய் இல்லை என்று நினைத்துக்கொண்டிருப்பார்கள், அடியில் எலும்பு கரைந்துகொண்டிருக்கும்.

சிகிச்சையில் எங்கே பிசகுகிறது என்பதையும் சொல்ல வேண்டும். முதல் பிசகு, ஒரே அமர்வில் மேலே தெரியும் காரையை மட்டும் எடுத்து, பாலிஷ் போட்டு அனுப்பிவிடுவது. பார்வைக்குப் பளிச்சென்று இருக்கும். அடியிலுள்ள கறுப்புக் காரை அப்படியே இருக்க, மேல் ஈறு மட்டும் இறுகி, நோய் உள்ளேயே ஓடும். ஆழமான பைகளுக்கு மரத்துப்போக ஊசி போட்டு, வேரின் பரப்பைத் தொட்டுத் தொட்டுச் சுத்தம் செய்ய வேண்டும். வாயைப் பகுதி பகுதியாகப் பிரித்து இரண்டு மூன்று அமர்வில் செய்வதும் உண்டு. இரண்டாவது பிசகு, மறுபடி அளக்காமல் விடுவது. ஈறு ஆறுவதற்கு 8 முதல் 12 வாரம் கொடுத்து, அதே 168 இடங்களையும் மீண்டும் அளந்து, 4 மி.மீ.க்கு மேல் ரத்தத்துடன் எஞ்சியிருக்கும் இடங்களைத் திரும்பவும் கவனிக்க வேண்டும். அதன்பின் 3, 4 மாதத்துக்கு ஒருமுறை பராமரிப்பு. இந்த மறு அளவு இல்லாத சிகிச்சை, ரத்த அழுத்தத்துக்கு மாத்திரை கொடுத்துவிட்டு அழுத்தத்தையே பார்க்காமல் இருப்பதைப் போன்றது.

'ஸ்கேலிங் செய்தால் பல் ஆடும், சந்து விழும்' என்ற பேச்சுக்கும் பதில் சொல்லிவிடுகிறோம். எலும்பு ஏற்கெனவே கரைந்து, சந்துகளைக் காரை அடைத்துக்கொண்டு, ஆடும் பற்களை ஒன்றோடொன்று ஒட்டவைத்திருக்கும். காரையை எடுத்ததும் அதுவரை மறைந்திருந்த இழப்பு வெளியே தெரிகிறது. ஈறு வீக்கம் வற்றி வேர் கொஞ்சம் வெளித்தெரிவதால் ஓரிரு வாரம் கூச்சமும் இருக்கும். இதை முன்கூட்டியே சொல்லாத மருத்துவர்மீதும் குறை உண்டு. நோயாளி பயந்துபோய் அடுத்த அமர்வுக்கு வருவதில்லை.

வீட்டில் செய்ய வேண்டியதில் பாதிப் பேர் தவறவிடுவது பற்களின் இடைவெளியை. மென்மையான பிரஷை ஈறு விளிம்பில் 45 பாகைச் சாய்வில் வைத்து, அழுத்தாமல் சிறு அசைவுகளாக, இரண்டு நிமிடம், ஒரு நாளைக்கு இருமுறை துலக்குவது சரி. ஆனால் பிரஷின் நார் பல்லுக்கும் பல்லுக்கும் நடுவே போகாது. ஈறு நோய் பெரும்பாலும் அங்கேதான் தொடங்குகிறது. சந்து இறுக்கமாக இருந்தால் ஃப்ளாஸ் நூல்; கொஞ்சம் விலகியிருந்தால் இடைப்பல் பிரஷ். இந்தக் குட்டி பிரஷில் 0.4 மி.மீ.இலிருந்து மேலாகப் பல அளவுகள் உண்டு. ஒரே வாயில் முன்பக்கத்துக்கு ஓர் அளவும் கடைவாய்க்கு வேறோர் அளவும் தேவைப்படும். நார்கள் இருபக்கமும் உரச வேண்டும், நடுக்கம்பி பல்லில் இடிக்கக் கூடாது. அதுதான் சரியான அளவு. தொடங்கிய முதல் சில நாள் ரத்தம் வரும். வீங்கிய ஈறு அப்படித்தான் இருக்கும். 'ரத்தம் வருகிறதே' என்று நிறுத்திவிடுவதுதான் நாங்கள் அதிகம் காணும் தவறு. தினமும் விடாமல் செய்தால் ஏழெட்டு நாளில் பெரும்பாலும் நின்றுவிடும். இரண்டு வாரம் கழித்தும் நிற்காத இடத்தில் அடியில் காரை இருக்க வாய்ப்பு அதிகம்.

ஃப்ளூரைடு 1,000 முதல் 1,500 பிபிஎம் வரை உள்ள பேஸ்ட் போதும். துலக்கியபின் நுரையைத் துப்பிவிட்டுத் தண்ணீர் விட்டு அலசாமல் இருந்தால் ஃப்ளூரைடு பல்லில் தங்கும். மூன்று வயதுக்குக் கீழ் அரிசி அளவு, 3 முதல் 6 வயது வரை பட்டாணி அளவு பேஸ்ட் போதுமானது. கரித்தூள் பேஸ்ட்டுகள் 'இயற்கை' என்ற பெயரில் விற்கப்படுகின்றன. பலவற்றில் ஃப்ளூரைடு கிடையாது, சொரசொரப்பு எனாமலைத் தேய்த்துவிடும்.

குளோர்ஹெக்சிடின் மவுத் வாஷ் பற்றியும் ஒரு வார்த்தை. 0.2 சதவீதக் கரைசல் 10 மி.லி., ஒரு நிமிடம், நாளைக்கு இருமுறை, அதிகபட்சம் இரண்டு வாரம். அதற்குமேல் பல்லிலும் நாக்கிலும் கறை ஏறும், ருசி மாறும். பேஸ்ட்டிலுள்ள நுரைப்பொருள் இதன் வேலையைக் கெடுக்கும் என்பதால் துலக்கி அரை மணி நேரமாவது கழித்துக் கொப்பளிக்க வேண்டும். ஆழமான பைக்குள் இது போய்ச் சேராது. நாவின் மேலுள்ள சில கிருமிகள், காய்கறிகளிலுள்ள நைட்ரேட்டை ரத்தக் குழாயைத் தளர்த்தும் பொருளாக மாற்ற உடம்புக்கு உதவுகின்றன. மாதக்கணக்கில் இந்த மருந்தால் கொப்பளிப்பவர்கள் அவற்றையும் சேர்த்தே அழிக்கிறார்கள்.

உடம்பை முழுதாகப் பார்க்கும் பல் மருத்துவம் என்றால் அது மருந்துச் சீட்டிலிருந்துதான் தொடங்க வேண்டும். வலிப்புக்கான ஃபெனிடாயின், ரத்த அழுத்தத்துக்கான நிஃபெடிபின், அம்லோடிபின், உறுப்பு மாற்றத்துக்குப் பின் தரும் சைக்ளோஸ்போரின் இவை சிலருக்கு ஈறைத் தடிக்கச் செய்யும். ஒவ்வாமை, மனச்சோர்வு மருந்துகள் பலவும் எச்சிலை வற்றவைக்கும். ஒரு நாளைக்கு அரை லிட்டர் முதல் ஒன்றரை லிட்டர் வரை ஊறும் எச்சில்தான், இனிப்பு சாப்பிட்டதும் உண்டாகும் அமிலத்தை அரை மணி முதல் ஒரு மணி நேரத்துக்குள் சமன்செய்கிறது. அது வற்றினால் வயதான காலத்தில் வேர்ப்பகுதியில் சொத்தை வரிசையாக விழும். எலும்பு அடர்த்திக்குத் தரும் அலெண்ட்ரோனேட், ஸோலெட்ரோனிக் அமிலம், டெனோசுமாப் போன்றவற்றைத் தொடங்கும் முன்பே எடுக்க வேண்டிய பல்லை எடுத்துவிட வேண்டும். பின்னால் எடுத்தால் சிலருக்குத் தாடை எலும்பு ஆறாமல் திறந்தே நிற்கும். புற்றுநோய்க்காக அதிக அளவில் பெறுபவர்களுக்கு இந்த ஆபத்து கூடுதல். அதற்காக டெனோசுமாப் ஊசியைத் தானாகத் தள்ளிப்போட்டால் முதுகெலும்பு நொறுங்கும் அபாயம் வருகிறது. தலை, கழுத்துப் பகுதிக்குக் கதிர்வீச்சு பெறப்போகிறவர்களுக்கும் இதே முறைதான்: காப்பாற்ற முடியாத பல்லை இரண்டு மூன்று வாரம் முன்னதாக எடுத்துப் புண் ஆறவிட வேண்டும்.

ரத்தம் உறையாமல் இருக்க மாத்திரை சாப்பிடுபவர்கள் பல் பிடுங்கப் போகும் முன் தாங்களாகவே அதை நிறுத்திவிடுகிறார்கள். தயவுசெய்து நிறுத்தாதீர்கள். பல் பிடுங்கிய இடத்து ரத்தத்தைப் பஞ்சைக் கடித்துக்கொண்டும், தையல் போட்டும், டிரானெக்ஸாமிக் அமிலம் வைத்தும் நிறுத்தலாம். இதய ஸ்டென்டுக்குள்ளோ மூளை ரத்தக்குழாயிலோ உறையும் ரத்தத்தை அப்படி நிறுத்த முடியாது. வார்ஃபரின் எடுப்பவர் என்றால் முந்திய நாள் ஐ.என்.ஆர். (ரத்தம் உறைய எவ்வளவு தாமதமாகிறது என்று காட்டும் அளவு) பார்த்து 4-க்குக் கீழே இருந்தால் சாதாரணமாக ஒரு பல்லைப் பிடுங்கலாம். மாற்றம் ஏதும் தேவையா என்பதை மருந்து எழுதிய மருத்துவரும் பல் மருத்துவரும் பேசி முடிவுசெய்ய வேண்டும். சர்க்கரை நோயாளிகள் காலை நேரத்தில், வழக்கம்போல் சாப்பிட்டு, மருந்தும் எடுத்துக்கொண்டு வருவது நல்லது. வெறும் வயிற்றில் வந்து சிகிச்சை நாற்காலியிலேயே சர்க்கரை இறங்கி மயங்குவது தவிர்க்கக் கூடியது.

இதயத்துக்கு வருவோம். இங்கேதான் மிகைப்படுத்தல் அதிகம். ஈறு நோய் உள்ளவர்களிடம் மாரடைப்பும் பக்கவாதமும் கூடுதலாகக் காணப்படுவது உண்மை. ஆனால் அமெரிக்க இதயச் சங்கம் 2012-ல் சான்றுகளை அலசி, தொடர்பு இருக்கிறது, ஒன்று மற்றொன்றுக்குக் காரணம் என்பதோ ஈறு சிகிச்சை மாரடைப்பைத் தடுக்கும் என்பதோ நிறுவப்படவில்லை என்றது. புகை, சர்க்கரை, வயது ஆகியவை இரண்டு நோய்க்கும் பொதுவான காரணங்கள். 'ஈறைச் சுத்தம் செய்தால் மாரடைப்பு வராது' என்று எழுதுகிறவர்கள் சான்றைத் தாண்டிப் போகிறார்கள். ஞாபக மறதி நோயிலும் இதே நிலைதான். ஈறுக் கிருமி ஒன்றின் நச்சுப் புரதம் மூளைத் திசுவில் காணப்பட்டதாக 2019-ல் வெளியான ஆய்வு பரபரப்பானது. அந்தப் புரதத்தைத் தடுக்கும் மருந்தின் சோதனை, நினைவாற்றல் குறைவதை நிறுத்தும் இலக்கை 2021-ல் எட்டவில்லை. கர்ப்பிணிகளுக்கும் இதைச் சொல்ல வேண்டும்: ஈறு சிகிச்சை குறைப்பிரசவத்தைத் தடுக்கும் என்பதைப் பெரிய சோதனைகள் உறுதிசெய்யவில்லை, ஆனால் கர்ப்ப காலத்தில் அந்தச் சிகிச்சை பாதுகாப்பானது என்று காட்டின. 'குழந்தை பிறக்கட்டும், அப்புறம் பார்க்கலாம்' என்று வலியோடு பல்லைக் கடித்துக்கொண்டிருக்கத் தேவையில்லை. மசக்கையில் வாந்தி எடுத்தவுடன் துலக்காமல், ஒரு டம்ளர் தண்ணீரில் ஒரு தேக்கரண்டி சமையல் சோடா கலந்து கொப்பளித்து, அரை மணி நேரம் கழித்துத் துலக்குவது எனாமலைக் காக்கும்.

இதயத்தில் சந்தேகத்துக்கு இடமில்லாத ஒரு தொடர்பும் உண்டு. செயற்கை வால்வு பொருத்தியவர்கள், இதய உள்ளுறையில் ஒருமுறை தொற்று வந்தவர்கள், சிலவகைப் பிறவி இதயக் குறையுள்ளவர்கள் ஆகியோருக்கு, பல் பிடுங்குவது, ஆழ்ந்த சுத்தம் போன்றவற்றுக்கு முன் ஒரே வேளை அமாக்சிசிலின் 2 கிராம், அரை மணி முதல் ஒரு மணி நேரத்துக்கு முன் தருவதை அதே அமெரிக்க இதயச் சங்கம் 2007 முதல் பரிந்துரைக்கிறது. ஸ்டென்ட் வைத்த எல்லோருக்கும், ரத்த அழுத்தம் உள்ள எல்லோருக்கும் இது தேவையில்லை. பல் வலிக்குத் தானாக ஆன்டிபயாட்டிக் வாங்கிச் சாப்பிடுவதும் வீண். பல்லின் உள்நரம்பு செத்தபின் அங்கே ரத்த ஓட்டமே கிடையாது, மருந்து எப்படிப் போய்ச் சேரும்? தாடைக்கு அடியில் இருபுறமும் கெட்டியாக வீங்கி, நாக்கு மேலே தூக்கி, எச்சிலை விழுங்க முடியாமல் போனால் மட்டும் ஒரு நிமிடமும் தாமதிக்காமல் பெரிய மருத்துவமனைக்குப் போக வேண்டும். மூச்சுக்குழாய் அடைபடக்கூடும்.

எங்கள் பார்வையில் மிகக் குறைவாகப் பேசப்படுவது நுரையீரல். ஜப்பானில் 11 முதியோர் இல்லங்களில் இரண்டு ஆண்டு நடந்து 2002-ல் வெளியான ஆய்வில், வழக்கம்போல் விடப்பட்டவர்களில் 19 சதவீதம் பேருக்கு நிமோனியா வந்தது; பராமரிப்பாளர்கள் உணவுக்குப்பின் பல் துலக்கிவிட்டு, வாரம் ஒருமுறை பல் மருத்துவப் பணியாளரும் கவனித்தவர்களில் 11 சதவீதம். வாயிலுள்ள கிருமிகளைத் தூக்கத்திலும் சாப்பிடும்போதும் மூச்சுக்குழாய்க்குள் உறிஞ்சிக்கொள்வதே காரணம். படுக்கையில் இருப்பவருக்குத் துலக்கிவிடும்போது தலைப்பக்கத்தை உயர்த்துங்கள், அல்லது ஒருக்களித்துப் படுக்க வையுங்கள். மோவாய் கீழ்நோக்கி இருக்கட்டும். வாயில் தண்ணீர் ஊற்றக் கூடாது. பிரஷை நனைத்து உதறிவிட்டு, நுரை குறைந்த பேஸ்ட்டை மெல்லிய பூச்சாக வைத்துத் துலக்கி, ஈரத்துணியால் துடைத்தெடுங்கள். பஞ்சுக்குச்சியால் துடைப்பது மட்டும் கிருமிப் படலத்தை எடுக்காது. பல் செட்டை இரவில் கழற்றிவிட வேண்டும். பேஸ்ட் செட்டைக் கீறும், அதனால் சோப்பால் கழுவி, குளிர்ந்த நீரில் போட்டு வையுங்கள். வெந்நீர் பட்டால் கோணிக்கொள்ளும்.

இனி அந்தப் பயமுறுத்தல்கள். வேர் சிகிச்சை செய்த பல் உடம்பெங்கும் நோய் பரப்பும் என்ற கருத்து நூறாண்டுப் பழையது. 1910-ல் மாண்ட்ரியலில் வில்லியம் ஹன்டர் என்ற மருத்துவர் ஆற்றிய உரையும், 1920-களில் வெஸ்டன் பிரைஸ் என்ற பல் மருத்துவர் முயல்களின் தோலுக்கடியில் பிடுங்கிய பற்களைப் பொருத்திச் செய்த சோதனைகளும் அதைப் பரப்பின. காரணம் தெரியாத நோய்களுக்கெல்லாம் நல்ல பற்களையும் சேர்த்துப் பிடுங்கித் தள்ளினார்கள். பல்லெல்லாம் போன பிறகும் நோய்கள் அப்படியே இருந்தன. பிரைஸின் சோதனைகளில் ஒழுங்கான ஒப்பீட்டுக் குழு இல்லை, கிருமி புகாமல் காக்கும் முறையும் இல்லை. பிற்காலத்தில் கவனமாகச் செய்தவர்களுக்கு அந்த முடிவுகள் கிடைக்கவில்லை. இன்று மறுபடி அதே கருத்தை 'நச்சு நீக்கம்' என்று புதுப்பெயரில் கொண்டுவருகிறார்கள்.

வேர் சிகிச்சை தோற்பதே இல்லை என்று நாங்கள் சொல்லவில்லை. தோற்பதற்கான காரணங்கள் தெரிந்தவை. மேல் முதல் கடைவாய்ப் பல்லில் பாதிக்கும் மேற்பட்டவர்களுக்கு நான்காவது கால்வாய் ஒன்று இருக்கும். அதைத் தேடாமல் மூன்றோடு முடித்தால் தொற்று உள்ளேயே தங்கும். ரப்பர் திரை கட்டாமல் செய்தால் எச்சில் உள்ளே போகும். சோடியம் ஹைப்போகுளோரைட் கொண்டு போதிய நேரம் கழுவாவிட்டால் கிருமிகள் மிஞ்சும். முடிந்தபின் மாதக்கணக்கில் கேப் போடாமல் விட்டால் பல் பிளக்கும், அல்லது மேலடைப்பு வழியே கசியும். ஓராண்டு கழித்து எக்ஸ்-ரே எடுத்து, வேர் நுனியிலுள்ள கருநிழல் சுருங்குகிறதா பார்க்க வேண்டும். சிலருக்கு அது முழுதாக மறைய நான்கு ஆண்டுகூட ஆகலாம். நிழல் பெரிதானால் மறுசிகிச்சை, இல்லையேல் பிடுங்குதல். படத்தைப் பார்த்து எடுக்கும் முடிவு அது. 'நச்சு நீக்கம்' பேசுகிறவர்கள் கையைத் தூக்கச் சொல்லித் தசை பலத்தைப் பார்ப்பதும், ஒவ்வொரு பல்லையும் ஓர் உறுப்போடு இணைக்கும் வரைபடமும் பரிசோதனை ஆகாது.

வெள்ளி அடைப்பில் ஏறக்குறைய பாதி பாதரசம்தான். மெல்லும்போது மிகச் சிறிய அளவு ஆவி வெளிவருவதும் உண்மை. குழந்தைகளிடம் நடந்த இரண்டு பெரிய சோதனைகள் 2006-ல் வெளியாயின. அந்த அடைப்பு வைத்தவர்களுக்கும் மற்றவர்களுக்கும் அறிவுத்திறனிலோ நரம்புச் செயல்பாட்டிலோ குறிப்பிடத்தக்க வேறுபாடு காணப்படவில்லை. பாதரசக் கேட்டைக் கட்டுப்படுத்த 2013-ல் உலக நாடுகள் ஏற்ற மினமாட்டா உடன்படிக்கை இதன் பயன்பாட்டைக் குறைக்கச் சொல்வதற்கு முக்கியக் காரணம் சுற்றுச்சூழலில் சேரும் பாதரசம். ஐரோப்பிய ஒன்றியம் 2025 தொடக்கத்திலிருந்து புதிதாக வைப்பதை, மருத்துவரீதியில் தவிர்க்க முடியாத நிலை நீங்கலாக, நிறுத்திவிட்டது. புதிதாக வைக்காமல் இருப்பது வேறு, இருப்பதை நோண்டி எடுப்பது வேறு. அமெரிக்க உணவு மருந்து நிர்வாகம் 2020-ல் கர்ப்பிணிகள், 6 வயதுக்குட்பட்டோர், நரம்பு நோய் உள்ளோர், சிறுநீரகக் குறையுள்ளோர் போன்றவர்களுக்குப் புதிதாக வைப்பதைத் தவிர்க்கச் சொன்னது. அதே அறிக்கையில், நல்ல நிலையிலுள்ள பழைய அடைப்பை அவசியமின்றி எடுக்க வேண்டாம் என்றும் சொன்னது. துளைத்து எடுக்கும்போதுதான் ஆவி அதிகம் கிளம்புகிறது, கூடவே நல்ல பல்லும் கொஞ்சம் போகிறது. ஓரம் உடைந்தோ அடியில் சொத்தை விழுந்தோ எடுத்தே ஆக வேண்டும் என்றால் ரப்பர் திரை கட்டி, நிறையத் தண்ணீர் தெளித்து, பெரிய உறிஞ்சுகுழாய் வைத்து, பொடியாக்காமல் துண்டு துண்டாக வெட்டி எடுக்க வேண்டும்.

இரண்டாவது வேண்டுகோள் விளம்பரங்களைப் பற்றியது. 'உடல் நச்சு நீக்கும் பல் சிகிச்சை' என்று ஒரு விளம்பரமோ, அதன் சாயலில் ஒரு பேட்டியோ வந்தால், அச்சேறும் முன் ஆசிரியர் குழு அவர்களிடம் மூன்று கேள்விகளை எழுத்தில் கேட்க வேண்டும் என்று விரும்புகிறோம். சிகிச்சைக்கு முன்னும் பின்னும் நீங்கள் அளப்பது எதை: பையின் ஆழமா, எக்ஸ்-ரேயா, எச்பிஏ1சி-யா? நோயாளியின் மருந்துச் சீட்டைப் பார்த்து அவருடைய பொது மருத்துவருக்குக் கடிதம் எழுதுகிறீர்களா? இந்தப் பல்லையோ அடைப்பையோ எடுக்காமல் ஆறு மாதம் கண்காணித்தால் என்ன கெட்டுவிடும்? பதில் வராத விளம்பரத்தைத் திருப்பி அனுப்பிவிடுங்கள்.

இப்படிக்கு,
ஈறு நோய் சிகிச்சைப் பிரிவைச் சேர்ந்த பல் மருத்துவர்கள் சிலர்